பதினோரு அடி நாலு இஞ்ச்

"கட்டைவிரலை எடுத்துராதீங்கக்கா, நான் சொல்ற வரைக்கும் அழுத்திப் புடிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு சகாயம் மேஸ்திரி சரிவுல இறங்கிப் போறாரு. ரோட்டோரமா அடிச்ச முளைக்குச்சிக்குப் பக்கத்துல நான் குந்தியிருக்கேன், கையில ட்யூபோட ஒரு முனை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூபு, உள்ள தண்ணி. இன்னொரு முனை கீழ பாதிச் சரிவுல எங்க வீட்டுக்காரர் காத்தமுத்து கையில, மூங்கில் கம்போட சேத்துப் புடிச்சபடி. எந்தப் பக்கமா இருந்தாலும் தண்ணி ஒரே மட்டத்துலதான் நிக்குமாம். ரோட்டுல இருந்து வீட்டுத் தரை வர்ற இடம் எத்தன அடி பள்ளம்னு அத வெச்சுச் சொல்லிருவாராம். இன்னிக்குக் கையாளு வரல, அதனால நாங்களே கையாளு. முப்பத்தோரு வருஷம் தேயிலக் கொழுந்து கிள்ளுன கட்டைவிரலு, ஒரு ட்யூபு வாயை மூடி வெக்காதா? வெக்கும். பங்குனி வெயிலு முதுகுல காயுது. தண்ணி கொஞ்சம் சிந்திப் போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்தா? மேஸ்திரி கோவிச்சுக்க மாட்டாரு. கோத்தகிரிப் பக்கம் பாதி வீடு அவரு எழுப்புனது, ஆனாலும் சத்தம் போட்டுப் பேசுனதில்ல. அவரு எட்டடி பள்ளம் இருக்கும்னு கண்ணாலயே சொன்னாரு. எட்டுன்னா பரவால்ல. எட்டுக்குத்தான் நாங்க கணக்குப் போட்டு வெச்சிருக்கோம்.

கணக்குன்னா பெருசா என்ன, ரெண்டு பேரு பி.எஃப்பும் கிராஜுட்டியும் சேத்து, எடத்துக்குக் குடுத்தது போக ஒம்பது லட்சத்து நாப்பதாயிரம், அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல. சமவெளியில இந்தக் காசுக்கு நல்லாவே கட்டலாமாம். இங்க அப்படி இல்ல. லாரி ரோட்டோட நின்னுக்கும். செங்கல்லுக்கு ஒரு வெலை, அது தலையில ஏறிக் கீழ இறங்குறதுக்கு ஒரு வெலை. எம்-சாண்டு, ஜல்லி, சிமெண்டு, கம்பி, தண்ணித் தொட்டி எல்லாத்துக்கும் அப்படித்தான். மேஸ்திரி போட்டுக் கொடுத்த சீட்டுல சுமை கூலின்னு தனியா ஒரு வரி. அதப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. காலமெல்லாம் நாப்பது கிலோ கொழுந்து மூட்டையத் தலையில வெச்சு எடை போடுற எடத்துக்கு நடந்தவ நான், இப்ப என் வீட்டுச் செங்கல்லைத் தூக்க அடுத்தவங்களுக்குக் கூலி. நானே தூக்கிருவேன்னு சொன்னேன். இவரு மொறச்சாரு. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தது மறந்து போச்சான்னு கேட்டாரு. மறக்கல. படியில இறங்கும்போது ஞாபகம் வரும். ஏறும்போது வலி இல்ல, இறங்கும்போதுதான். இந்த வீட்டுக்கு வந்தப்புறம் தெனம் இறங்கணும். ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயாச்சு, ஆவணிக்குள்ள கம்பெனி குடுத்த லைன் வீட்டக் காலி பண்ணியாகணும். இறங்கித்தான் ஆகணும்.

"தெய்வான! ஆடாமப் புடி!" கீழருந்து இவரு கத்துறாரு. நான் ஆடவே இல்ல. இவரு எப்பவும் கத்தித்தான் பேசுவாரு, தேயில ஃபாக்டரியில ரோலர் மெஷினுக்குப் பக்கத்துலயே இருபத்தெட்டு வருஷம் நின்னவரு, காது போயிருச்சு. மெதுவாச் சொன்னா ஒதட்டப் பாத்து ஏதோ பாதி புரிஞ்சுக்குவாரு, மீதிக்குச் சிரிச்சுக்குவாரு. கல்யாணமான புதுசுல இவரு சிரிக்கறதப் பாத்து நல்ல குணம்னு நெனச்சேன். நல்ல குணம்தான், ஆனா அந்தச் சிரிப்புல பாதி காது கேக்காத சிரிப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. மேஸ்திரி ட்யூபைத் தட்டுறாரு, உள்ள ஒரு காத்துக் குமிழு மாட்டிக்கிச்சாம், அது இருந்தா கணக்குத் தப்பும். குமிழு நகந்து நகந்து மேல வருது. என் பக்கமாத்தான் வருது. மெல்ல வருது. வரட்டும்.

வீட்டுப் படத்த இவரே போட்டாரு, போன வருஷக் காலண்டர் தாள் பின்பக்கம், ஸ்கேல் வெச்சு. ஒரு ஹாலு, ஒரு சமையலறை, எங்களுக்கு ஒரு ரூமு, ஒரு பாத்ரூமு. அப்புறம் ஓரத்துல பத்துக்குப் பதினொன்னுல இன்னொரு கட்டம். அதுல மட்டும் பேரு எழுதல. என்னங்க இதுன்னு கேட்டா, "அந்த ரூமு"ம்பாரு. எதுக்குன்னு கேட்டா காது கேக்காத மாதிரி இருப்பாரு. அந்த ரூமுக்கு மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகுதுன்னு மேஸ்திரி சொன்னப்பக்கூட, அதக் கொறைக்க வேணாம், வேற எதையாச்சும் கொறைங்கன்னுட்டாரு. தரைக்கு டைல்ஸ் வேணாம், சிமெண்டுப் பாலு போதும். ஜன்னல் ரெண்டு கொறைச்சாச்சு. சமையலறைக் கல்லு மேடை போச்சு. பின்பக்கத் தடுப்புச் சுவரு மட்டும் பாக்கி இருக்கு, அதுக்கு ரெண்டே கால் லட்சம், எட்டடிப் பள்ளத்துக்கு. அந்த ரூமா, சுவரா? ஒரு வாரமா ராத்திரிச் சோத்தப் போட்டுட்டு ரெண்டு பேரும் அந்தத் தாளைத்தான் பாக்குறோம்.

அந்த ரூமு யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? பிரதீபனுக்குத்தான். எங்க ஒரே புள்ள, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கூட வேல செஞ்ச ஷெர்லிங்கற பொண்ண ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டு நேரா இங்க வந்து நின்னான், பஸ்ஸ்டாண்டுல, கையில ஒரு ஸ்வீட் டப்பாவோட. சொல்லாமச் செஞ்சுட்டானேன்னு இவருக்குக் கோவம். வேற சாமி கும்புடுற பொண்ணுன்னு இல்ல, சத்தியமா அது இல்ல, சொல்லாமச் செஞ்சுட்டான், அதான். பஸ்ஸ்டாண்டுல அத்தன சனத்துக்கு முன்னாடி, "என் வீட்டுல உனக்கு எடமில்ல"ன்னாரு. இவரு குரலு ஊருக்கே கேக்கும். அவன் அமைதியாத்தான் சொன்னான், "ஏதுப்பா உங்க வீடு? அது கம்பெனி வீடு"ன்னு. அத மட்டும் இவரு காது எப்படிக் கேட்டுச்சோ. அந்தப் பொண்ணு ஸ்வீட் டப்பாவ என் கையில குடுத்துட்டு பஸ்ஸுல ஏறிருச்சு. பால்கோவா. நாங்க திங்கல, எறியவும் மனசு வரல, எறும்பு வந்துதான் தின்னுச்சு. அதுக்கப்புறம் அவன் என்கிட்ட மட்டும் ஞாயித்துக்கிழமை பேசுவான். முட்டி எப்படி இருக்கும்மாம்பான். இவரு பக்கத்துலயே உக்காந்து செருப்பத் தொடைச்சுக்கிட்டு இருப்பாரு. இப்ப எதுக்கு எங்களுக்குன்னு ஒரு வீடு, வாடகைக்குப் போயிரலாம்னு நான் சொன்னப்ப, இவரு அடுத்த நாளே போயி இந்த அஞ்சு சென்ட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நின்னாரு. சரிவுன்னா சரிவு, வெலை கம்மின்னு சொன்னாரு.

"மொத அளவு எடுத்தாச்சு. அண்ணே, நீங்க கீழ முளைக்குப் போங்க. அக்கா, இப்ப நடு முளைக்கு இறங்கி வாங்க!" இறங்குறேன். ஒரு காலு, இன்னொரு காலு. செடிய வெட்டுன தூரு குத்துது. எனக்கு முதுகுக்குப் பின்னாடி இப்ப மண்ணு ஒசரமா நிக்குது. ரோட்டுல இருந்து பாத்தப்ப ஒன்னும் தெரியல, இறங்கி நின்னு திரும்புனாத்தான் தெரியுது. செவப்பு மண்ணு. வேரு தொங்குது. காஞ்சுதான் இருக்கு, பங்குனியில காயாம என்ன செய்யும். கையால தொட்டுப் பாத்தேன். யாரும் பாக்கல. காஞ்சுதான் இருக்கு. ஐப்பசியில இப்படி இருக்காது. ஐப்பசியில இந்த மண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நெனைக்கக் கூடாது. தண்ணியப் பாரு, தெய்வான, ட்யூபுல தண்ணியப் பாரு. தண்ணியப் பாத்தா அதுதான் ஞாபகம் வருது, என்ன பண்றது.

எங்க அக்கா பூரணம். சிலோன்ல இருந்து கப்பல்ல வரும்போது எனக்கு ஏழு, அவளுக்குப் பன்னெண்டு, அம்மா அங்கயே செத்துருச்சு, அக்காதான் எனக்கு எல்லாமே. எனக்குப் பதினேழு வயசாகுறப்ப அந்த ஐப்பசி. நாலு நாளு விடாத மழை, வேலை இல்ல. எட்டு வீட்டு லைன், எங்களுது ஆறாவது கதவு. வீட்டுப் பின்சுவரு மலைமண்ணோட ஒட்டிக்கிட்டு நிக்கும், எல்லா லைனும் அப்படித்தான். ரெண்டாம் நாளு அந்தச் சுவத்துல தண்ணி கசிய ஆரம்பிச்சுச்சு. மொதல்ல நூலாட்டம். அப்புறம் சுண்டுவெரலு தண்டி. அக்கா அதுக்கு அடியில ஒரு சட்டிய வெச்சா. "பாரு தெய்வான, நமக்கு வீட்டுக்குள்ளயே பைப்பு போட்டுக் குடுத்துட்டான் தொர"ன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சட்டி நெறைஞ்சா நான்தான் கொண்டு போயி வாசல்ல ஊத்துவேன். எத்தன சட்டி ஊத்துனேன்? பதினஞ்சு இருக்கும். கடைசிச் சட்டித் தண்ணி செவப்பா இருந்துச்சு. செவப்பா இருக்கேக்கான்னு சொன்னேனா? சொல்லல. பாத்தேன், ஊத்துனேன். நாளைக்கு வேல உண்டான்னு, பேரு கூப்புடுற மஸ்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு வாடின்னு அனுப்புனா. மூணு மணி இருக்கும். போயி, அங்க கொஞ்ச நேரம் நெருப்புக் காஞ்சு, நாளைக்கும் இல்லன்னு கேட்டுட்டு வந்தேன். எட்டுக் கதவுல அஞ்சுதான் இருந்துச்சு. நான் திரும்பத் திரும்ப எண்ணுனேன். அஞ்சு.

அக்கா மண்சரிவுல போயிட்டான்னு இவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். சட்டித் தண்ணி யாருக்கும் தெரியாது. செவப்புத் தண்ணிய நான் பாத்தேங்கறது யாருக்கும் தெரியாது.

"அண்ணே, இங்க வாங்க." மேஸ்திரி டேப்ப மடக்கிட்டு பென்சில காதுல சொருகுறாரு. அவரு மொகம் சரியில்ல. "மேல அஞ்சடி ஒம்பது இஞ்ச், கீழ அஞ்சடி ஏழு. பதினோரு அடி நாலு இஞ்ச் வருது." எட்டு இல்ல. பதினொன்னு. நாலு இஞ்ச் வேற. தடுப்புச் சுவரு இப்ப மூணேகால் லட்சம் ஆகுமாம், ஒசரம் கூடுனா அடியில அகலமும் கூடுமாம். இவரு கையால ஏதோ எண்ணுறாரு. அந்த ரூமும் சுவரும் சேந்து இனி நடக்காதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. மேஸ்திரி பாவம், எங்க மொகத்தப் பாத்துட்டு வழி தேடுறாரு. "இன்னொன்னு செய்யலாம்ணே. தடுப்புச் சுவரு இப்ப வேணாம். வீட்டுப் பின்சுவரையே மண்ணோட ஒட்டிக் கட்டிரலாம், ஒம்பது இஞ்ச் சுவரு. நெறையப் பேரு அப்படித்தான் கட்டியிருக்காங்க. நான் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரூமு தப்பிக்கும். சுவத்த ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்." இவரு மொகம் வெளிச்சமாச்சு. எனக்கு அந்த மொகத்தப் பாக்க முடியல. "அப்படியே செஞ்சுருவோம் மேஸ்திரி"ன்னாரு. அப்படியே செஞ்சுருவோம். ரெண்டு பேரும் சுண்ணாம்பு எடுத்துக்கிட்டுக் கீழ கோடு போடப் போறாங்க. அந்த ரூமுக்குத்தான் மொதக் கோடு. குனிஞ்சு குனிஞ்சு போடுறாரு, பத்துக்குப் பதினொன்னு, இந்த வயசுல எவ்வளவு வேகமாப் போடுறாரு. சொல்லலாமா? சொன்னா அந்த ரூமு போயிரும். சொல்லாட்டி? அன்னிக்கும் நான் சொல்லல. பையன் வருவான், அந்தப் பொண்ணு வரும், மண்ணோட ஒட்டுன அந்தச் சுவத்துப் பக்கம் தல வெச்சுப் படுக்கும், நான் காலையில எந்திரிச்சுச் சுவத்தத் தடவிப் பாப்பேன், தெனம் தடவிப் பாப்பேன்.

"என்னங்க"ன்னு கூப்புட்டேன். கேக்கல. "என்னங்க!" திரும்பல. கோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. அப்ப நான் கத்த ஆரம்பிச்சேன். "எங்க அக்கா வீட்டுச் சுவத்துல தண்ணி வந்துச்சுங்க! ரெண்டு நாளு வந்துச்சு! நான் சட்டியில புடிச்சு ஊத்துனேன்! கடைசியில செவப்பா வந்துச்சு, நான் பாத்தேன், யார்கிட்டயும் சொல்லல! சிரிச்சுக்கிட்டு இருந்தேங்க! மண்ணோட சுவத்த ஒட்டாதீங்க! எனக்கு வேணாம்!" நாப்பது வருஷமா மெதுவாக்கூடச் சொல்லாதத சரிவு பூரா கேக்கச் சொன்னேன். எதிர்ச் சரிவுல கேரட் கழுவிக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து பாத்தாங்க. மேஸ்திரி சுண்ணாம்புச் சட்டிய அப்படியே கீழ வெச்சுட்டாரு. எனக்கு மூச்சு வாங்குது. இவரு நின்ன எடத்துல நிக்கிறாரு. கேட்டுச்சா, இல்ல இன்னொரு தடவ கத்தணுமா, இன்னொரு தடவ என்னால முடியாது.

கேட்டிருக்கு. மேல ஏறி வர்றாரு. வந்து என் பக்கத்துல குந்துனாரு. என் கையில இன்னும் ட்யூபு இருக்கு, வெரலை ஒவ்வொன்னாப் பிரிச்சு அத வாங்கிக் கீழ போட்டாரு. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல தெய்வான"ன்னாரு, அவருக்கு வர்றதிலேயே மெல்லிசான குரல்ல. "உங்களுக்குத்தான் காது கேக்காதே"ன்னேன். சிரிக்கணும்னு சொல்லல, ஆனா இவரு சிரிச்சுட்டாரு, எனக்கும் வந்துருச்சு, அழுகையோட சேந்து வந்துருச்சு. "பதினேழு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்"ன்னாரு. "தெரிஞ்சுதான் இருந்துச்சுங்க." "தெரிஞ்சிருந்தா அவள விட்டுட்டுப் போயிருப்பியா நீ?" இத்தன வருஷத்துல இந்தக் கேள்விய மட்டும் நான் என்னையே கேட்டுக்கிட்டதில்ல. இவரு எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டுக் கீழ பாத்துச் சொன்னாரு, "மேஸ்திரி, தடுப்புச் சுவரு போடுங்க. தண்ணி வெளிய போறதுக்கு ஓட்டை எத்தன வெக்கணுமோ அத்தனையும் வெச்சுக் கல்லுலயே கட்டுங்க. அந்த ரூமு வேணாம்." சொல்லிட்டு எறங்கிப் போயி, போட்ட கோட்டைச் செருப்புக்காலால அழிச்சாரு. ஒரு பக்கம், ரெண்டு பக்கம். மூணாவது பக்கம் வந்ததும் நின்னுட்டாரு.

மேஸ்திரி அவரைப் பாக்கல, மேல ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு, மறுபடி ரோட்டை. "அண்ணே, ஒரு நிமிஷம். தரை பதினோரு அடி கீழ. சுவரு பத்தடி, அதுக்கு மேல கான்கிரீட்டு அஞ்சு இஞ்ச், மேல பூச்சு. மொட்டை மாடி ரோட்டுக்கு ஏறக்குறைய மட்டமா வருதுண்ணே." இவருக்குப் புரியல. எனக்கும் உடனே புரியல. அவரு கையால காட்டுனாரு, "பின்னாடி ஒரு காலத்துல மேல ரூமு எடுத்தீங்கன்னா, ரோட்டுல இருந்து சின்னதா ஒரு ஸ்லாப் போட்டா நேரா நடந்து உள்ள போயிரலாம். ஒரு படி இறங்க வேணாம். எட்டடியா இருந்திருந்தா இது நடக்காது." இவரு காதைக் கிட்டக் கொண்டு போயி, "இப்ப அதுக்குக் காசு இல்லையே"ன்னாரு. "இப்ப வேணாம்ணே. பில்லரை மட்டும் கொஞ்சம் பலமாப் போட்டு, கம்பியை மேல மூணடி வெட்டாம விட்டு வெக்கிறேன். சிமெண்டுப் பாலு தடவி மூடி வெச்சா துருப் பிடிக்காது. முப்பதாயிரம் கூட வரும். எப்பக் காசு வருதோ அப்ப எடுத்துக்கலாம்." முப்பதாயிரத்துக்கு எங்க போறது? ஹாலைக் கொறைக்கலாம், ஒன்றரை அடி கொறைச்சா போதும், ஹால்ல யாரு வந்து நடக்கப் போறா. நான்தான் சொன்னேன். இவரு என்னைப் பாத்துட்டு, சரின்னு தலையாட்டுனாரு. அப்புறம் கம்பி எத்தன வருஷம் தாங்கும்னு கேட்டாரு. நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லன்னாரு மேஸ்திரி. "பத்து வருஷம்"னு இவரு சொல்லிக்கிட்டாரு. "அவ்வளவு ஆகாது."

அப்புறம் இவரு மேல ஏறி வந்து சட்டைப் பையில இருந்து ஃபோனை எடுத்து என்கிட்ட நீட்டுனாரு. "போடு." யாருக்குன்னு நான் கேக்கல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்ல. போட்டேன், ஸ்பீக்கர்ல போட்டேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் எரைச்சலா வருது. "அம்மா? என்னம்மா இந்நேரத்துக்கு?" நான் ஃபோனை இவரு வாய்க்குக் கிட்டப் புடிச்சேன். இவரு தொண்டையச் செருமுனாரு. வருத்தமா இருக்குடான்னு சொல்லுவாரா, வந்துரு சாமின்னு சொல்லுவாரான்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன். "பதினோரு அடி நாலு இஞ்ச்"ன்னாரு. "எடத்த அளந்தோம்டா. பதினோரு அடி நாலு இஞ்ச் பள்ளம். மாடி ரோட்டுக்கு மட்டமா வருதாம். கம்பி விட்டு வெக்கிறோம். மேல ஒரு ரூமு எடுத்துக்கலாம், ரோட்டுல இருந்து நேரா உள்ள. உனக்கும் ஷெர்லிக்கும். ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்லு." மூச்சு விடாமச் சொல்லி முடிச்சிட்டாரு. மெஷின் ஓடுது. ஓடிக்கிட்டே இருக்கு. அப்புறம் பிரதீபன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு, சொல்லிட்டு வெச்சுட்டான்.

இவரு ஃபோனையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு, நான் பேசறதுக்கு முன்னாடியே என் ஒதட்டைப் பாத்தாரு. "கேட்டானா?" "கேட்டான்." "என்ன சொன்னான்? மெஷின் சத்தத்துல ஒன்னும் வெளங்கல." "ட்யூட்டியில இருக்கேன், ராத்திரி ஷெர்லிகிட்டக் கேட்டுட்டுக் கூப்புடுறேன்னான். சரிப்பான்னான்." "சரின்னானா?" "சரிப்பான்னான்." இவருக்குக் கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியல, கையைக் காதுக்குப் பின்னாடி வெச்சு இன்னும் கிட்ட வந்தாரு. "அப்பான்னா சொன்னான்?" "ஆமாங்க"ன்னு சொன்னேன், கீழ கோடு போட்டுக்கிட்டிருந்த மேஸ்திரி திரும்பிப் பாக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன், "அப்பான்னுதான் சொன்னான்!"